அநாதைகளின் தந்தை டாக்டர் யானுஸ் கோர்ச்சாக்

தாய் தந்தையரை இழந்த பச்சிளங் குழந்தையைக் கண்டு இரங்காத நெஞ்சம் இல்லை. அதற்குச் சோறு கொடுக்கவும், உடை கொடுக்கவும், ஓர் இல்லத்திலே சேர்த்துவிடவும் எந்நாட்டிலும் எக்காலத்திலும் நல்லோர் பலர் முன்வருவர். ஆனால், அக்குழந்தை வளர்ந்து, மீசை அரும்பும் பருவத்தை அடைந்து, இல்லத்தின் படியிறங்கித் தன்னந்தனியே தெருவில் நிற்கும் அந்நாளிலே அதன் பக்கத்தில் நிற்பவர் எத்தனை பேர்? குழந்தைக்குச் சுரந்த இரக்கம் வாலிபனுக்குச் சுரப்பதில்லை. வளர்ந்துவிட்டான், இனி அவன் பாடு என்று உலகம் முகத்தைத் திருப்பிக் கொள்ளுகின்றது. தாய் தந்தையர் உள்ள வீட்டிலோ அந்த வயதிலேதான் பிள்ளையைப் பற்றிய கவலை இரட்டிக்கின்றது!

இந்தக் குறையைக் கண்டு, 30 ஆண்டுகள் அதனோடு போராடி, ஓரளவு வென்றும் ஓரளவு தோற்றும், இறுதியிலே தம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாமும் மரண வாயிலிற் புகுந்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம். அவர் போலந்து தேசத்தவர், யூத குலத்தினர், தொழிலால் வைத்தியர், எழுத்தாளர். உலகம் அவரை யானுஸ் கோர்ச்சாக் என்னும் புனைபெயராலேயே அறியும். அவர் இறந்த விதத்தை அறிந்தோர் பலர். வாழ்ந்த விதத்தை அறிந்தோர் சிலரே. நமது இளைஞருக்கு வேண்டியது அவர் வாழ்ந்த விதமாகும்.

பிறப்பும் இளமையும்

போலந்தின் தலைநகராகிய வார்சோ அக்காலத்தில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நகரிலே யோசெப் கோல்ட்ஷ்மிட் என்னும் வழக்கறிஞருக்கு மகனாகக் கோர்ச்சாக் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹென்றிக். தந்தையார் பிறப்பைக் காலத்தில் பதிவு செய்யாமையால் பிறந்த ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் இரு வகையாகக் கூறப்படும். பிறந்த நாள் ஜூலை 22.

சிறு வயதிலே அவருக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை. வசதியான வீடு, வேலைக்காரர், நல்ல உடை எல்லாம் இருந்தன. ஆனால் அவர் பாடசாலை மாணவராக இருந்தபோதே தந்தையாரின் சித்தம் கலங்கியது. மனநோய் வைத்தியசாலையிலே மீண்டும் மீண்டும் சேர்க்கப்பட்டார். வைத்தியச் செலவினால் வீட்டிலிருந்த பொருள்கள் ஒவ்வொன்றாய் வெளியேறின. 1896ஆம் ஆண்டிலே தந்தையார் காலமானார். அப்போது கோர்ச்சாக்குக்கு வயது 17 அளவில். தாயாரும் சகோதரியும் அவர் கையை எதிர்பார்த்து நின்றனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, அதனால் வந்த சொற்ப வரும்படியைக் கொண்டு குடும்பத்தைக் காத்தார்.

கைப்பிடித்து வழிநடத்துவார் எவருமின்றி உலகத்தின் முன்னே நிற்க நேர்ந்த இளைஞனின் நிலை இன்னதென்பதை அவர் தம் சொந்த அனுபவத்திலே அறிந்தார். பிற்காலத்திலே தம்மிடம் வளர்ந்த பிள்ளைகள் இல்லத்தை விட்டுப் பிரியும்போதெல்லாம் அவர் உள்ளம் கலங்கியதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

1898ஆம் ஆண்டிலே ஓர் இலக்கியப் போட்டிக்கு நாடகம் ஒன்றை அனுப்பியபோது யானுஸ் கோர்ச்சாக் என்னும் பெயரை ஒரு பழைய போலந்து நாவலிலிருந்து எடுத்துச் சூடிக்கொண்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது. அதே ஆண்டில் வார்சோ சர்வகலாசாலையிலே வைத்தியம் படிக்கத் தொடங்கினார். படிக்கும் காலத்திலேயே ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சேரிகளிலே திரிந்து, அங்குள்ள பிள்ளைகளோடு பழகினார். 1901ஆம் ஆண்டிலே தெருப் பிள்ளைகளைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார்.

வைத்தியர் ஆசிரியரானமை

1905ஆம் ஆண்டிலே வைத்தியப் பட்டம் பெற்ற கோர்ச்சாக், வார்சோவிலிருந்த யூதப் பிள்ளைகளின் வைத்தியசாலையிலே பணியேற்றார். ருஷ்ய-யப்பானிய யுத்தத்திலே படை வைத்தியராகவும் இருந்து மீண்டார். பேர்லின், பாரிஸ், இலண்டன் ஆகிய நகரங்களுக்குச் சென்று குழந்தை வைத்தியத்திலும் பிள்ளைகளைப் பராமரிக்கும் முறைகளிலும் தம் அறிவை வளர்த்துக்கொண்டார். நகரத்துச் செல்வர்கள் அவரைத் தேடி வந்தனர். அந்த வழியே சென்றிருப்பின் பெரும் பொருள் ஈட்டியிருப்பார்.

அவர் மனமோ வேறு திசையிற் சென்றது. வைத்தியசாலையிலே நோய் தீர்ந்த ஏழைக் குழந்தை, அந்நோயை உண்டாக்கிய அதே இருண்ட அறைக்கும் அதே பசிக்கும் திரும்பிப் போவதைக் கண்டார். உடலைத் தேற்றி அனுப்புவது போதாது. வாழ்வையே தேற்ற வேண்டும் என்று துணிந்தார். யூத அநாதைகளுக்கு உதவி செய்யும் சங்கம் ஒன்று புதிய இல்லம் ஒன்றைக் கட்ட முற்பட்டபோது, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்க இசைந்தார். மணஞ் செய்துகொள்ளவில்லை, தமக்கென ஒரு பிள்ளையையும் விரும்பவில்லை. பிள்ளைகள் யாவருக்கும் தொண்டு செய்வதையே தம் மகவாக வரித்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் ஒரு கடிதத்திலே எழுதினார்.

குரோக்மால்னா தெரு இல்லம்

1912ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே வார்சோ நகரில் குரோக்மால்னா தெரு 92ஆம் இலக்கத்திலே அவ்வில்லம் திறக்கப்பட்டது. மின்சார விளக்கும், குளிர்காலத்திலே வீடு முழுவதையும் வெப்பமாக்கும் கருவியும், ஒழுங்கான குளியலறைகளும் கொண்ட அத்தகைய கட்டடம் அந்நாளிலே செல்வர்க்கும் அரிது. 7 வயது முதல் 14 வயது வரையுள்ள நூற்றுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் அங்கே வாழ்ந்தனர். கோர்ச்சாக் மேல்மாடத்துச் சிற்றறை ஒன்றிலே சம்பளம் வாங்காமல் வாழ்ந்தார்.

இவ்வில்லத்தின் வரலாற்றிலே மற்றொருவர் பெயரையும் மறத்தலாகாது. அவர் ஸ்தெபானியா வில்சின்ஸ்கா அம்மையார். 1886ஆம் ஆண்டிலே பிறந்து, பெல்ஜியத்திலே இயற்கை விஞ்ஞானம் கற்றுத் திரும்பிய அவ்வம்மையார், தம் இளமையையும் முதுமையையும் இவ்வில்லத்துக்கே கொடுத்தார். கோர்ச்சாக் யுத்த களங்களிலும் வேறு கடமைகளிலும் இருந்த ஆண்டுகளில் இல்லம் குலையாமல் நின்றது அவராலேயாம். டாக்டர் தந்தையானால் அம்மையார் தாய்.

இல்லத்தின் நடைமுறைகள் அக்காலத்து அநாதை இல்லங்களின் நடைமுறைகளுக்கு முற்றிலும் மாறானவை. அங்கே பிரம்பு இல்லை. பிள்ளைகள் தாமே நடத்தும் ஒரு நீதிமன்றம் இருந்தது. அவ்வாரத்திலே வழக்கு எதுவும் இல்லாத பிள்ளைகளுள் 5 பேர் சீட்டுக் குலுக்கி நீதிபதிகளாக எடுக்கப்படுவர். சட்டப் புத்தகத்தின் விதிகள் 1000 என்னும் எண் வரை சென்றன. அவற்றுள் முதல் 99 விதிகளும் மன்னிப்பையே விதித்தன. பிள்ளைகள் ஆசிரியர் மீதும் வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக்கே அரை ஆண்டுக்குள் 5 முறை அந்நீதிமன்றத்தின் முன் நின்றார். நின்றது மட்டுமன்றி, அதனால் தாம் நல்ல ஆசிரியரானதாகவும் நன்றியோடு எழுதினார்.

வீட்டு வேலைகள் யாவும் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. தும்புத்தடியும் துடைக்கும் துணியும் மூலையிலே மறைத்து வைக்கப்படாமல் கண்ணுக்குத் தெரியும் இடத்திலே மதிப்போடு வைக்கப்பட்டன. இல்லத்துக்கென ஒரு பத்திரிகை இருந்தது. சனிக்கிழமைகளிலே அது எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. தீய பழக்கத்தை விட விரும்பும் பிள்ளை டாக்டரோடு பந்தயம் கட்டலாம்: இந்த வாரம் இத்தனை தடவைக்கு மேல் சண்டை பிடிப்பதில்லை என்று. வென்றால் இனிப்புப் பரிசு. வென்றதா தோற்றதா என்பதைப் பிள்ளையின் சொல்லே தீர்மானிக்கும், சாட்சி கேட்பதில்லை.

மூத்த துணை

இவ்வேற்பாடுகளுள் நமது கட்டுரைக்கு மிக வேண்டியது ஒன்றுண்டு. புதிதாக ஒரு பிள்ளை இல்லத்துக்கு வந்தால், அதனை ஆசிரியரின் பொறுப்பிலே மட்டும் விடுவதில்லை. முன்னரே அங்கு வாழும் மூத்த பிள்ளை ஒன்று அதற்குத் துணையாக நியமிக்கப்படும். 3 மாத காலம் அத்துணை புதிய பிள்ளைக்கு வழக்கங்களைச் சொல்லிக் கொடுக்கும், அழுதால் தேற்றும், தவறு செய்தால் அதற்காக மன்றத்திலே பேசும், நடந்தவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்திலே எழுதும். டாக்டர் அக்குறிப்புகளை வாசித்துத் தம் கருத்தையும் எழுதுவார். நேற்றுவரை அடங்காப் பிள்ளை எனப் பெயரெடுத்தவனும், தன்னை நம்பி ஒரு சிறுவன் ஒப்படைக்கப்பட்டபோது பொறுப்புள்ளவனாக மாறியதுண்டு. துணை பெறுபவனுக்குக் கிடைக்கும் நன்மை ஒரு பங்கென்றால், துணை நிற்பவனுக்குக் கிடைப்பது அதனிலும் குறைந்ததன்று.

ஒருவன் அறியாத இடத்துக்குள் நுழையும்போது அவ்விடத்தை அறிந்த ஒருவன் அவனுடன் நடக்க வேண்டும் என்பது மிக எளிய உண்மை. இவ்வுண்மையை இல்லத்துக்குள் வரும் பிள்ளைக்குக் கோர்ச்சாக் முதலிலேயே கண்டுகொண்டார். இல்லத்தை விட்டு வெளியே போகும் பிள்ளைக்கும் அதுவே வேண்டும் என்பதை அவர் காலப்போக்கிலே, அதுவும் நெஞ்சு நொந்தே அறிந்தார்.

பதினான்கு வயதின் வாயில்

அந்நாளைய போலந்திலே ஆரம்பக் கல்வி 14 வயதோடு முடிந்தது. இல்லத்திலும் அவ்வயது வரையே இடமுண்டு. அதன்மேல் பிள்ளைகள் தையற்காரரிடமோ தச்சரிடமோ சப்பாத்துத் தைப்பவரிடமோ தொழில் பழகப் போகவேண்டும். அல்லது வறுமையில் வாடும் உறவினரிடம் திரும்பவேண்டும். முதலாம் உலக யுத்தத்தின் பின் அநாதைகளின் தொகை பெருகியது. இருந்த இடமோ நூற்றுச் சொச்சம். பெரிய பிள்ளை ஒன்றை வைத்துக்கொண்டால் வாயிலிலே காத்து நிற்கும் சிறிய பிள்ளைக்குக் கட்டில் இல்லை. தருமச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் காட்டிய இந்த நெருக்கடிக்குக் கோர்ச்சாக்கும் தலைவணங்க வேண்டியிருந்தது.

பிரியும் பிள்ளைக்கு, உடன் வாழ்ந்த பிள்ளைகளும் ஆசிரியரும் கையொப்பமிட்ட ஒரு தபாலட்டை ஞாபகார்த்தமாகக் கொடுக்கப்படும். மறவாதிருத்தலைக் குறிக்கும் சிறு நீலமலர்கள் அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். அப்போது டாக்டர் சொல்லும் பிரியாவிடை விந்தையானது. தாம் அவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பார். கடவுளைக் கொடுக்க முடியாது, அவரவர் தம் உள்ளத்திலே தனித்திருந்து தேடிக்கொள்ள வேண்டும். நாட்டன்பைக் கொடுக்க முடியாது, அதுவும் அவரவர் உழைப்பாலும் சிந்தனையாலும் வரவேண்டும். மன்னிக்கும் குணமில்லாமல் மனித நேசம் வாராது, மன்னிப்பதோ ஒவ்வொருவரும் தாமே பழக வேண்டிய கடுந்தொழில் என்பார். ஒன்றே ஒன்றைத் தாம் கொடுத்ததாகச் சொல்லுவார்: இன்று இல்லாத, என்றோ ஒருநாள் வரப்போகும், உண்மையும் நீதியும் உள்ள நல்வாழ்வின் மீது ஏக்கம்.

அழகிய சொற்கள். ஆனால் தெருவிலே அவ்வேக்கம் மட்டும் சோறிடுமா? இல்லத்தில் நீதிமன்றம் இருந்தது. தொழிற்கூடத்திலே முதலாளியின் கை ஓங்கினால் முறையிட மன்றம் இல்லை. இல்லத்தில் வெண்ணிற விரிப்புள்ள கட்டில் இருந்தது. வெளியிலே அந்நியர் அறையின் ஒரு மூலையே வாடகைக்குக் கிடைத்தது. இல்லத்தில் அவர்கள் சொல்லை நம்பினார்கள். வெளியிலே அநாதை என்றால் கள்ளன் என்று கருதினார்கள். போதாக்குறைக்கு வேலையில்லாத் திண்டாட்டமும் யூதர்மீது வெறுப்பும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தன. வெளியேறியவருள் சிலர் திரும்பி வந்து தம் மனக்குறையை மறைக்காமற் சொன்னார்கள். கண்ணாடிக் கூடாரத்துள் வளர்த்த மென்செடியைத் திடீரெனப் பனியிலே நட்டது போலத் தம்மை விட்டுவிட்டதாக நொந்தார்கள். வெளியார் சிலரும், இல்லத்தின் ஒழுங்குகள் பிள்ளைகளை உண்மை உலகத்துக்கு ஆயத்தஞ் செய்யவில்லை என்று குறை கூறினர்.

இக்குற்றச்சாட்டிலே உண்மை இருந்தது. நீதியை அனுபவித்துப் பழகிய பிள்ளைக்கு அநீதி இருமடங்கு வலிக்கும். அதற்காக நீதியைக் கற்பிக்காது விடலாமா? கூடாது. ஆனால் கற்பித்தவர், அப்பிள்ளை அநீதியைச் சந்திக்கும் நாளிலும் அருகே இருத்தல் வேண்டும். கோர்ச்சாக்கும் ஸ்தெபானியா அம்மையாரும் தம்மாலியன்ற அளவு இதற்கு வழி தேடினர்.

பூர்சா என்னும் விடுதி

1923ஆம் ஆண்டிலே இல்லத்தோடு சேர்த்து ஒரு வாலிபர் விடுதி தொடங்கப்பட்டது. போலந்து மொழியிலே மாணவர் விடுதியைக் குறிக்கும் பூர்சா என்னும் சொல்லாலேயே அதனை அழைத்தனர். ஆசிரியத் தொழில் பயில விரும்பி வெளியூர்களிலிருந்து வந்த இளைஞரும், இல்லத்திலேயே வளர்ந்து 14 வயதைக் கடந்த சிலரும் அங்கே தங்கினர். உறைவிடமும் உணவும் இலவசம். அதற்கு ஈடாக நாள்தோறும் சில மணிநேரம் சிறு பிள்ளைகளைக் கவனிக்கும் பணி. மீதி நேரத்திலே வெளியே படிக்கலாம்; தொழில் பழகலாம்.

அவ்விளைஞர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தனர். அன்றைய பணியிலே கண்டதையும், விளங்காததையும், தம் மனத்துன்பங்களையும் அதிலே எழுதுவர். இரவிலே அம்மையார் அவற்றை வாசித்து, ஓரத்திலே விடை எழுதி வைப்பார். வாரந்தோறும் ஒருநாள் டாக்டரோடு கூடிப் பேசுவர். அப்பேச்சிலே பெரிய தத்துவங்கள் இடம்பெறுவதில்லை. படுக்கையை நனைக்கும் பிள்ளையைப் பற்றியும், பொய் சொல்லும் பிள்ளையைப் பற்றியும், பொறுமையிழந்து கையோங்கிய ஆசிரியரைப் பற்றியுமே பேசுவர். இப்படிப் பயின்ற பலர் பிற்காலத்திலே சிறந்த ஆசிரியராயினர்.

தானம் கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே என்ற நிலை பூர்சாவில் இல்லை. வாலிபனுக்கு இரவல் சோறு கசக்கும். தன்னாலும் ஒருவருக்குப் பயனுண்டு என்று அவன் உணரும்படி கொடுத்தாலே அவன் தலை நிமிரும். தாயற்று வந்த சிறுவனாக அதே கூடத்திலே அழுதவன், இன்று அழும் சிறுவனுக்குத் தமையனாகி நின்றான்.

பூர்சாவிலே இடமில்லாதவருக்கும் இல்லத்தின் கதவு அடைக்கப்படவில்லை. விடுமுறை நாட்களிலே பழைய பிள்ளைகள் வருவர். தம் பெயரெழுதிய பழைய பதிவுகளைப் பார்ப்பர். டாக்டரின் ஆலோசனையைக் கேட்பர். தொலைதேசம் சென்றவர்க்கு அம்மையார் கடிதம் எழுதினார். பலஸ்தீனத்திலே குடியேறிய பழைய மாணவர் பலரை அவர் அங்கு சென்று கண்டார். கோர்ச்சாக்கும் 1934ஆம் ஆண்டிலும் 1936ஆம் ஆண்டிலும் அங்கு சென்று, ஐன் ஹரோத் என்னும் கூட்டுப் பண்ணையிலே தங்கிப் பழைய பிள்ளைகளைச் சந்தித்தார்.

எழுத்தும் வானொலியும்

கோர்ச்சாக்கின் தொண்டு ஒரு வீட்டுக்குள் அடங்கவில்லை. போலந்துப் பிள்ளைகளுக்கென 1919ஆம் ஆண்டிலே மரியா பால்ஸ்கா அம்மையார் தொடங்கிய மற்றோர் இல்லத்துக்கும் அவர் துணை நின்றார். பிள்ளையை எவ்வாறு நேசிப்பது என்பது பற்றிய அவரது நூல் யுத்த களத்து வைத்தியசாலைகளிலே எழுதப்பட்டது. சிறுவன் ஒருவன் அரசனாகும் கதையைக் கூறும் மத்தியூஸ் அரசன் என்னும் நூல் 1923ஆம் ஆண்டு முதல் பல மொழிகளிலே பரவியது. 1926ஆம் ஆண்டிலே பிள்ளைகளும் இளைஞருமே எழுதும் வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி, எழுதியவர்க்குச் சன்மானமும் கொடுத்தார். இளங் குற்றவாளிகளின் நீதிமன்றத்திலே நிபுணராக இருந்து, வழிதவறிய இளைஞருக்காகப் பேசினார். வானொலியிலே முதிய டாக்டர் என்னும் பெயரோடு அவர் பேசியபோது போலந்து முழுவதும் செவிசாய்த்தது. யூதர்மீது கொண்ட பகையால் 1936ஆம் ஆண்டிலே அப்பேச்சு நிறுத்தப்பட்டது. சிலகாலத்தின் பின் மீண்டும் தொடங்கிற்று.

யுத்தமும் முடிவும்

1939ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஸ்தெபானியா அம்மையார் ஐன் ஹரோதிலே அமைதியாக வாழ்ந்திருக்கலாம். போர்மேகம் சூழ்வதைக் கண்டும் பிள்ளைகளிடம் திரும்பி வந்தார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே ஹிட்லரின் சேனை போலந்துட் புகுந்தது. 1940ஆம் ஆண்டின் இறுதியில் வார்சோ யூதர் அனைவரும் மதிலால் அடைக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் தள்ளப்பட்டனர். குரோக்மால்னா தெரு இல்லம் பறிபோயிற்று. இல்லம் இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டி பறிக்கப்பட்டது. அதற்காக முறையிடச் சென்ற கோர்ச்சாக், யூதர் அணியவேண்டிய கைப்பட்டியை அணிய மறுத்தமையாற் சிறையிடப்பட்டார். வெளிவந்தபின் நோயுற்ற உடம்போடு நாள்தோறும் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளுக்காக உணவும் பணமும் இரந்தார். பிள்ளைகளின் தொகை ஏறக்குறைய 200 ஆயிற்று.

1942ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் திகதி அப்பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது நமது வங்கத்துக் கவி இரவீந்திரநாத தாகூரின் தபாற்கந்தோர். நோய்வாய்ப்பட்ட சிறுவன் ஒருவன் சாளரத்தருகே கிடந்து, அரசனிடமிருந்து கடிதம் வருமென்று காத்திருந்து, அமைதியாகக் கண்ணயர்வதே அதன் கதை. மரணத்தை அச்சமின்றி எதிர்கொள்ளப் பிள்ளைகள் பழகட்டும் என்பதற்காகவே டாக்டர் அந்நாடகத்தைத் தெரிந்தார் என்பர். எங்கோ வங்கத்திலே பிறந்த வார்த்தைகள் வார்சோவின் பசித்த பிள்ளைகளுக்கு ஆறுதலாயின என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் உருகுகின்றது.

4 நாட்களின் பின், அவர் பிறந்த நாளாகிய ஜூலை 22ஆம் திகதி, யூதரைக் கொலைக்களத்துக்கு அனுப்பும் வேலை தொடங்கிற்று. ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்திலே இல்லத்தின் முறை வந்தது. டாக்டரை மட்டும் தப்புவிக்க நண்பர்கள் பலமுறை முயன்றனர். பிள்ளைகளை விட்டு வர அவர் இசையவில்லை. பிள்ளைகள் வரிசையாக நடந்தனர். முன்னே டாக்டர் நடந்தார். ஸ்தெபானியா அம்மையாரும் மற்றை ஊழியரும் உடன் நடந்தனர். புகையிரதம் அவர்களைத் திரெப்ளிங்கா என்னும் கொலைக்களத்துக்குக் கொண்டு சென்றது. ஒருவரும் மீளவில்லை.

அன்று உடன் சென்ற ஊழியருள், அதே இல்லத்திலே அநாதைகளாக வளர்ந்து பெரியவர்களானோரும் இருந்தனர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். இல்லம் அவர்களைக் கைவிடவில்லை. அவர்களும் இல்லத்தைக் கைவிடவில்லை.

அவர் விட்டுச் சென்றது

யுத்தத்துக்கு முன்னரே இல்லத்தை விட்டுப் பிற தேசங்களுக்குச் சென்றிருந்த பழைய பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். டாக்டரின் முறைகளை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் அவர்களும் பூர்சாவிலே பயின்றவர்களும் முதன்மையானவர்கள். குரோக்மால்னா தெருக் கட்டடம் 1957ஆம் ஆண்டிலே மீண்டும் சிறுவர் இல்லமாயிற்று. திரெப்ளிங்காவிலே அழிந்த ஊர்களின் பெயர்கள் பொறித்த கற்களிடையே தனிமனிதர் பெயர் தாங்கிய கல் ஒன்றே உண்டு. அது கோர்ச்சாக்குக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உரியது. 1978ஆம் ஆண்டிலே பிள்ளைகளின் உரிமைகளுக்கு ஓர் உடன்படிக்கை வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் சபையிலே முன்மொழிந்த நாடு அவர் பிறந்த போலந்தேயாம். 1989ஆம் ஆண்டிலே அது நிறைவேறியது.

ஆயினும் அவர் நெஞ்சை நெருடிய வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. அன்று 14 வயது. இன்று பல நாடுகளிலே 18 வயது. எண் மாறியதே தவிர வாயில் மாறவில்லை. இங்கிலாந்து 2000ஆம் ஆண்டிலே, பராமரிப்பை விட்டு வெளியேறும் இளைஞருக்குத் தனித்தனி ஆலோசகரை நியமிக்கும் சட்டம் இயற்றியது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் 18 வயதின் பின்னும் 21 வயது வரை உதவி செய்ய இடமளிக்கின்றது. சட்டங்கள் நல்லவையே. ஆனால் முதற் சம்பளம் வந்த நாளிலே அதனை யாரிடம் காட்டுவது, வேலை போன நாளிலே எங்கே போய்ச் சாப்பிடுவது, காய்ச்சலாய்க் கிடந்தால் யார் கஞ்சி கொண்டு வருவது, கலியாணம் பேசும்போது யார் முன்னின்று பேசுவது என்னும் வினாக்களுக்குச் சட்டம் விடை கூறாது. அவற்றுக்கு மனிதரே விடையாதல் வேண்டும்.

வாலிப அன்பர்களே, கோர்ச்சாக்கைப் போல உயிரைக் கொடுக்கும்படி உங்களை ஒருவரும் கேட்கவில்லை. அவர் இல்லத்திலே 12 வயதுச் சிறுவன் ஒருவன் செய்த வேலையைத்தான் கேட்கின்றோம்: அறியாத இடத்துக்குள் நுழையும் ஒருவனோடு சிலகாலம் கூடநடப்பது. வங்கியிலே கணக்குத் திறக்க, விண்ணப்பம் எழுத, வாடகை அறை பார்க்க, முதலாளியிடம் மரியாதையோடு உரிமையைக் கேட்கச் சொல்லிக் கொடுப்பது உங்களால் இயலாததன்று. பெரியோர்களே, உங்கள் வீட்டிலே விசேட நாட்களில் ஓர் இலை கூடுதலாகப் போடுவதும், வருபவனை முறைசொல்லி அழைப்பதும் பெரிய செலவல்ல. இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு ஒரு பெட்டியும் இரண்டு உடுப்பும் கொடுத்து வாழ்த்தி அனுப்புகின்றோம். அத்தோடு, திரும்பி வர ஒரு வீட்டின் விலாசத்தையும் கொடுத்தனுப்புவோமாக.